கண்டிப்பா, கலந்து பேசுவதா?

வணக்கம் நண்பரே. உங்கள் பனியன் கம்பெனியின் தையல் லைனில் பழைய சூப்பர்வைசர் சத்தம் போட்டே வேலை வாங்கினார், அவர் இடத்துக்கு வந்த நீங்கள் எல்லாரையும் கேட்டுச் செய்கிறீர்கள், ஆனால் ஷிப்மென்ட் தள்ளிப்போகிறது, நானும் கத்த வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

1930-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கர்ட் லெவின் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் பத்து வயதுச் சிறுவர் குழுக்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அதட்டும் தலைவரின் குழு நிறைய வேலை செய்தது. ஆனால் அவர் அறையை விட்டு வெளியே போனதும் வேலை சரிந்துவிட்டது. கலந்து பேசும் தலைவரின் குழுவோ அவர் இல்லாதபோதும் தொடர்ந்து செய்தது. எதிலும் தலையிடாமல் விட்டுவிட்ட தலைவரின் குழுவில்தான் வேலை குறைவு, தரமும் மட்டம்.

உங்கள் சிக்கல் இந்த மூன்றாவது வகையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கருத்துக் கேட்கிறீர்கள், ஆனால் முடிவைச் சொல்லாமல் விடுகிறீர்கள். நானும் பனியன் கம்பெனியில் லைன் பார்த்தவன். முதல் ஆறு மாதம் இதே தவறைத்தான் செய்தேன்.

காலையில் ஐந்து நிமிடம் பேசுங்கள், இன்றைய பீஸ் கணக்கை நீங்களே முடிவுசெய்து அறிவியுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள். அனுபவமுள்ள டெய்லரை அவர் போக்கில் விடுங்கள், கூடவே நின்றால் எரிச்சல்தான் வரும். ஊசி உடைந்தாலோ தீ விபத்து என்றாலோ மட்டும் யாரிடமும் கருத்துக் கேட்காதீர்கள், அங்கே உத்தரவுதான். அப்புறம், யாரையும் லைனில் எல்லார் முன்னாலும் திட்டாதீர்கள். இரண்டு வாரம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.