நியூ ஜெர்சிக் காடுகளுக்குப் போக விரும்பும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

எடிசனுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது என்றும், சுற்றியுள்ள மாநிலப் பூங்காக்களிலும் காடுகளிலும் வார இறுதியில் நடக்கவும் மலைமிதிவண்டி ஓட்டவும் ஆசை என்றும் எழுதியிருந்தீர்கள். எந்த வண்டி வாங்கலாம், எந்தப் பூங்காவில் தொடங்கலாம், கரடி பயம் உண்டா, மூன்று வயதுப் பிள்ளையை அழைத்துப் போகலாமா என்பவை உங்கள் கேள்விகள். வண்டியைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. முன்சக்கரத்துக்கு மட்டும் ஷாக் அப்சார்பர் வைத்த, பிரேக் நன்றாகப் பிடிக்கிற பழைய வண்டி ஒன்று முதல் இரண்டு வருடங்களுக்குத் தாராளமாகப் போதும். எங்கள் குடியிருப்பில் நண்பர் ஒருவரின் ஐயாயிரம் டாலர் வண்டி கராஜ் சுவரில் மாட்டியபடியே இருக்கிறது. அதன் டயரில் இன்றுவரை மண் ஒட்டியதில்லை. ஹெல்மெட்டுக்கு மட்டும் காசு பார்க்காதீர்கள். கரடிக்குப் பிறகு வருகிறேன். நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றைத்தான் முதலில் எழுதியாக வேண்டும், அது உண்ணி.

உண்ணி என்றதும் உங்களுக்கு மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் கடலைப்பருப்பு போல உப்பிக்கிடக்கும் ஜந்து நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. விருதுநகர்ப் பக்கத்துக் கிராமத்தில் மாட்டுக்கு உண்ணி பிடுங்கி வளர்ந்தவனுக்கு உண்ணியைப் பற்றி யார் என்ன சொல்லித் தர முடியும் என்ற தெனாவட்டும் இருந்தது. இங்கே நோயைத் தருவது மான் உண்ணி. மே முதல் ஜூலை வரை அலையும் அதன் இளம் பருவத்து உயிர் கசகசா அளவுதான் இருக்கும். கடித்தால் வலிக்காது, அரிக்கவும் அரிக்காது. எனக்கு இது இரண்டாம் ஆண்டு ஜூன் மாதத்தில் நேர்ந்தது. அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, இடுப்பளவுப் புல்லை உரசியபடி வண்டி ஓட்டிவிட்டு வந்த மறுநாள் மாலை, முழங்காலின் பின்மடிப்பில் புதிதாக ஒரு மச்சத்தைக் கண்டேன். மச்சத்துக்குக் கால்கள் இருந்தன. ஊர் வழக்கப்படி தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து அதன் மேல் வைத்தேன். அதைப்போல மடத்தனம் வேறில்லை என்று பிறகுதான் தெரிந்தது. சூடு வைத்தால் உண்ணி வயிற்றில் இருப்பதை நம் உடம்புக்குள்ளேயே கக்கிவிடக்கூடும். கூர்மையான முனையுள்ள சிறு இடுக்கியால் தோலை ஒட்டி அதன் வாயருகே பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுக்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். செய்ய வேண்டியது அவ்வளவே.

பத்து நாள் கழித்து அந்த இடத்தைச் சுற்றி வட்டமாக ஒரு தடிப்பு படர்ந்தது. இந்த ஊர் மருத்துவக் கையேடுகளில் வெள்ளைத் தோலின் மேல் செக்கச்செவேலென்று, அம்பு எய்யும் இலக்குப் பலகையைப் போல அச்சிட்டிருப்பார்கள். நம் மாநிறத் தோலில் அது அப்படித் தெரியாது. சற்றுக் கறுத்த, ஊதா கலந்த தேமல் போலத்தான் இருக்கும். நான் போய்ப் பார்த்த மருத்துவர் அதைப் படர்தாமரை என்று சொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்தார். காட்டுக்குப் போனேன் என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. செப்டம்பரில் என் இடது முழங்கால் தேங்காய் போல வீங்கி, படி இறங்க முடியாமல் போன பிறகே இரத்தம் சோதித்து லைம் நோய் என்றார்கள். நான்கு வாரம் மாத்திரை சாப்பிட்டேன். 1970களில் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரையொட்டிப் பிள்ளைகளுக்குக் கூட்டமாக மூட்டு வீங்கியதை ஆராய்ந்தபோதுதான் இந்த நோய்க்கு அந்த ஊரின் பெயர் வந்ததாம். என் முழங்காலும் அந்தப் பிள்ளைகளின் வரிசையில் சேர்ந்துகொண்டது.

ஆகவே தம்பி, பேன்ட்டின் கால்நுனியைச் சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். வெளிர்நிறத் துணி போட்டால் ஊர்வது தெரியும். பெர்மெத்ரின் என்ற மருந்தைத் துணியிலும் காலணியிலும் முதல் நாளே தெளித்துக் காய வைக்கலாம். தோலில் தெளிக்கக் கூடாது. வீடு திரும்பியதும் துணியைக் கூடையில் போடாமல் நேராக டிரையரில் போட்டு, அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். துணி காய்ந்திருந்தால் அதிலேயே உண்ணி செத்துவிடும்; குளிர்ந்த தண்ணீரிலோ மிதமான சூட்டுத் தண்ணீரிலோ துவைத்தால் சாகாது. பிறகு குளித்து அக்குள், தொப்புள், காதின் பின்புறம், முழங்கால் மடிப்பு, தலைமுடி ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் லைம் நோய் தொற்றும் என்பதால், அன்றிரவே கண்டுபிடித்துவிட்டால் பயமில்லை. நெடுநேரம் ஒட்டியிருந்தது என்று சந்தேகம் வந்தால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போய், ‘உண்ணி கடித்தது’ என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள். தேவைப்பட்டால் ஒரே வேளை மாத்திரையோடு முடித்துவிடுவார்.

அடுத்தது இருட்டு. நான் வந்திறங்கியது ஒரு நவம்பர் மாதம். ஒரே வீட்டில் ஆறு பேர் தங்கியிருந்தோம். கார் ஒருவரிடம்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ‘மலை ஏறிவிட்டு வரலாம்’ என்று கிளம்பி, டெலவேர் ஆறு மலையைப் பிளந்துகொண்டு போகும் இடத்துக்குச் சென்றோம். வொர்த்திங்டன் மாநிலக் காட்டில் உள்ள டாமனி மலை வெறும் 1,526 அடிதான். கொடைக்கானலைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு மலையா என்று பேசிக்கொண்டே ஏறினோம். என் காலில் ரப்பர் செருப்பு. சிவப்புப் புள்ளி தீட்டி அடையாளமிட்ட தடம் கல் கல்லாகச் செங்குத்தாக ஏறுகிறது. உச்சியில் நின்று ஆற்றையும் எதிர்க்கரை மலையையும் பார்த்தபோது மணி நான்கே கால். நவம்பர் கடைசியில் இங்கே சூரியன் நாலரை மணி வாக்கில் மறைந்துவிடும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நீலத் தடத்தில் இறங்கும்போது மரத்தில் தீட்டிய நீலப் பட்டை எது, பாசி எது என்று தெரியவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பட்டைகள் இருந்தால் பாதை அங்கே திரும்புகிறது என்று பொருள். அதையும் யாரும் சொல்லித் தரவில்லை. நேராகப் போய்த் தடம் தவறினோம். கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை. அதன் சிறு திரை வெளிச்சத்தில், கீழே எண்பதாம் எண் நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகளின் இரைச்சலைக் காதால் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வண்டியிடம் வந்தபோது மணி ஏழு. ஒரு செருப்பின் வார் எங்கே அறுந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நம்மவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கோடையில் அதே மலைக்கு இருபது முப்பது பேராக, ஸ்பீக்கரில் பாட்டு முழங்க, அலுமினியத் தட்டில் பிரியாணியோடு ஏறுகிறார்கள். இந்த மாநிலப் பூங்காக்களில் பெரும்பாலும் குப்பைத்தொட்டி கிடையாது. கொண்டு போனதைத் திருப்பிக் கொண்டு வருவதே விதி. தொட்டி இல்லை என்று கண்டதும் பையைப் பாறை இடுக்கில் செருகிவிட்டு வருபவர்களில் ‘அமெரிக்காவில் என்ன சுத்தம்!’ என்று ஊருக்குப் போன் செய்பவர்களும் உண்டு. அவர்கள் விட்டுப்போன சாம்பார் டப்பாவை நான் சுமந்து இறங்கியிருக்கிறேன். இன்னொரு வகையினர் இருபது வருடமாக இங்கிருந்தும் பிரிட்ஜ்வாட்டர் கோயில், எடிசன் தோசைக்கடை தவிர வேறெங்கும் போகாமல், ‘காட்டில் அப்படி என்ன இருக்கிறது?’ என்று கேட்பார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்வதை விட்டு வெகுகாலம் ஆகிறது.

மிதிவண்டிக்கு முதலில் பிராங்க்ளின் நகரியத்தில் உள்ள ஸிக்ஸ் மைல் ரன் போங்கள். நீர்த்தேக்கம் கட்டுவதற்காக 1970இல் மாநில அரசு வாங்கி, கட்டாமலே விட்ட 3,037 ஏக்கர் நிலம் அது. வயலும் ஓடையும் சிறுகாடுமாக இருக்கும். மேடு பள்ளம் அதிகமில்லை. ஆனால் மழை பெய்த மறுநாள் போகவே போகாதீர்கள். அந்தச் செம்மண்ணில் ஈரத்தில் ஓட்டினால் டயர் கிழித்த கோடு காய்ந்து கல்லாகி, அந்தப் பருவம் முழுக்க எல்லோர் சக்கரத்தையும் கவிழ்க்கும். நடப்பவருக்கும் குதிரைக்கும் வண்டிக்காரர்தான் வழிவிட வேண்டும். இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு விட வேண்டும். அப்பலாச்சியன் நெடுந்தடம் இந்த மாநிலத்தின் வடமேற்கு ஓரமாகப் போகிறது. வெள்ளைப் பட்டை தீட்டிய அந்தத் தடத்தில் மிதிவண்டிக்கு அனுமதியே கிடையாது. கை பழகிய பிறகு அலமூச்சி, ரிங்வுட் போன்ற பாறைக்காடுகளுக்குப் போகலாம். தெற்கே உள்ள வார்ட்டன் காட்டின் பைன் மரங்களும் டீ நிறத்து ஓடைகளும் பார்க்க வேண்டியவை என்றாலும், மணல் சக்கரத்தை விழுங்கும். பாதி தூரம் வண்டியை நீங்கள்தான் தள்ள வேண்டியிருக்கும். டிசம்பரில் மான் வேட்டைக்காரர்கள் துப்பாக்கியோடு வருவார்கள் என்பதால் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற மேலாடை ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கரடி உண்டு. இத்தனை வருடத்தில் நான் நான்கைந்து முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதுதான் முதலில் நகர்ந்து போனது. ஓடாதீர்கள், போட்டோ எடுக்க நெருங்காதீர்கள், அழுத்தமான குரலில் பேசிக்கொண்டே மெல்லப் பின்வாங்குங்கள். 2014இல் வெஸ்ட் மில்ஃபோர்டில் ஐந்து இளைஞர்களைப் பின்தொடர்ந்த கரடி, சிதறி ஓடியவர்களில் ஒருவரைக் கொன்றது. அப்படி நடந்தது இந்த மாநிலத்தில் அதுதான் முதல்முறை என்றார்கள்.

பிள்ளையைத் தாராளமாக அழைத்துப் போங்கள். ஸிக்ஸ் மைல் ரன்னை ஒட்டியே டெலவேர்–ராரிட்டன் கால்வாய் போகிறது. ஒரு காலத்தில் கோவேறு கழுதைகள் படகை இழுத்து நடந்த கரைப்பாதை அங்கே சமதளமாக இருக்கிறது. 1830 முதல் 1834 வரை, பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் மண்வெட்டியால் தோண்டிய கால்வாய் அது. 1832இல் காலரா வந்து பலர் அந்த வேலையிலேயே இறந்துபோனார்கள். வீசா புதுப்பிக்கப்படுமா என்று தெரியாமல் உறக்கமின்றி இருந்த ஒரு வருடம் முழுக்க, நாற்பது டாலருக்கு வாங்கிய பழைய வண்டியில் தினமும் மாலை அந்தக் கரையில்தான் ஓட்டினேன். தண்ணீரில் கிடக்கும் மரக்கட்டையில் ஆமைகள் வரிசையாக ஏறி வெயில் காயும். நான் நெருங்கினால் ஒவ்வொன்றாகத் தொப்பென்று விழும். பிற்பாடு என் மகளுக்குப் பின்னிருக்கை வைத்து ஓட்டியபோது, அவள் விழுகிற ஆமைகளைத் தமிழில் எண்ணிக்கொண்டே வருவாள். பதினேழு வரைக்கும் போயிருக்கிறது. பிளாக்வெல்ஸ் மில்ஸ் பாலத்தருகே காரை நிறுத்தலாம். சனிக்கிழமையானால் காலை எட்டரைக்குள் போய்விடுங்கள். அதற்கு மேல் இடம் கிடைக்காது.