கேள்வி-பதில்: பழைய காரின் ஸ்டியரிங்

கேள்வி: ஸ்டியரிங்கை நாலு விரற்கடை திருப்பினால்தான் சக்கரம் அசைகிறது. புது ஸ்டியரிங் பாக்ஸ் (ஸ்டியரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களைத் திருப்பும் அசைவாக மாற்றும் பல்சக்கர அமைப்பு) வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே ஒருவரை உட்கார வைத்து ஸ்டியரிங்கை இரு பக்கமும் லேசாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே குனிந்து ஒவ்வொரு இணைப்பிலும் கைவைத்துப் பாருங்கள்: ஸ்டியரிங் தண்டின் அடியிலுள்ள ரப்பர் கப்ளிங், பாக்ஸைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் போல்ட், ஐட்லர் ஆர்ம் (பாக்ஸுக்கு எதிர்ப்பக்கத்தில் இணைப்புத் தண்டைத் தாங்கும் கை), டை ராட் எண்ட் (சக்கரத்தைத் திருப்பும் தண்டின் முனை மூட்டு). ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கும் இடத்தில்தான் ஆட்டம். பாக்ஸுக்குள் போகும் தண்டு திரும்பியும், பாக்ஸிலிருந்து வெளியே வரும் பிட்மன் ஆர்ம் என்ற கை நின்ற இடத்திலேயே நின்றால், அப்போது பாக்ஸைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: பாக்ஸின் மேலுள்ள ஸ்க்ரூவை முறுக்கினால் ஆட்டம் போய்விடும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: ஓரளவுக்குத்தான். வண்டி நேராக ஓடும் நேரமே அதிகம் என்பதால் பாக்ஸின் பல் நடுவில்தான் தேய்கிறது. அங்கே ஆட்டம் போகும்வரை முறுக்கினால், தேயாத ஓரங்களில் இறுகிப் பிடிக்கும். திருப்பம் முடிந்தும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. அப்படி ஆனால் ஸ்க்ரூவைப் பழைய நிலைக்கே விட்டுவிட்டுப் பாக்ஸைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ரீகண்டிஷன் செய்த பாக்ஸ் என்று சொல்லி விற்றார்கள். மாட்டிய சில வாரங்களிலேயே ஆயில் ஒழுகுகிறது. மாட்டியதில்தான் தவறு என்று கைவிரிக்கிறார்கள்.

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை. மாட்டுபவர் பாக்ஸின் உள்ளே இருக்கும் ஆயில் சீலைப் பொதுவாகத் தொடுவதே இல்லை. நானும் இப்படி ஒன்று வாங்கியிருக்கிறேன். வெளியே பளபளவென்று பெயின்ட், மூடியைத் திறந்தால் உள்ளே பழைய ஆயில் கறுத்து மண்டியாகக் கிடந்தது, பேரிங்கை யாரும் தொட்டதாகவே தெரியவில்லை. நீங்கள் பாக்ஸைத் திறக்காதீர்கள். ஒழுகும் இடத்தைப் படம் எடுங்கள். எந்தெந்த பாகத்தை மாற்றினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பேரிங், சீல் இரண்டையும் மாற்றியதாக எழுதித் தர முடியாதவர் ரீகண்டிஷன் செய்யவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, விடாதீர்கள்.

கேள்வி: 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்ற ராக் அண்ட் பினியன் கிட் (பாக்ஸுக்குப் பதிலாக, பல் வைத்த கம்பியைச் சிறு பல்சக்கரம் இடமும் வலமும் நகர்த்தும் அமைப்பு) வாங்கி மாட்டினேன். பள்ளத்தில் இறங்கினால் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கிறது.

பதில்: இந்த விளம்பர வாசகத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. பிரிட்டனின் மோரிஸ் மைனர் கார் 1948-லேயே ராக் ஸ்டியரிங்கோடு வந்தது. அதன் முன்பகுதியையே ராக்குக்கு ஏற்றபடி வடிவமைத்திருந்தார்கள். பாக்ஸுக்காக வடிவமைத்த வண்டியில் ராக்கைத் திணிப்பது வேறு விஷயம். சக்கரம் மேலும் கீழும் போகும்போது சஸ்பென்ஷன் ஆர்ம் ஒரு வட்டத்தில் சுழல்கிறது, டை ராடும் ஒரு வட்டத்தில் சுழல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடாமலேயே சக்கரம் திரும்பும். ராக்கின் உள்பக்க ஜாயின்ட்டுகளுக்கு இடையிலான தூரமும் ராக் அமரும் உயரமும் அந்தந்த வண்டிக்கென்று அளந்து வைக்க வேண்டியவை. எல்லா வண்டிக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்? ஸ்டியரிங் ஆர்ம் அச்சுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல் விற்கிறார்கள். இடம் மாறினால் வலப்பக்கம் திருப்ப வண்டி இடப்பக்கம் போகும்! ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தை மேலும் கீழும் நகர்த்தி, டோ (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) எவ்வளவு மாறுகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். அதுவரை வேகமாக ஓட்டாதீர்கள்.

கேள்வி: அழகுக்காகச் சின்ன ஸ்டியரிங் வீல் போட்டேன். பார்க்கிங்கில் கை வலிக்கிறது.

பதில்: பழையதையே மாட்டுங்கள்.

கேள்வி: ரேடியல் டயர் போட்டு, பழைய கையேட்டில் உள்ளபடியே அலைன்மென்ட் செய்தும் வண்டி அலைகிறது.

பதில்: அந்த எண்கள் ரேடியலுக்கு முந்தைய வகையான கிராஸ்-பிளை டயருக்கு எழுதியவை. ரேடியலுக்கு டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கியிருப்பது) பொதுவாகக் குறைவாகவே போதும். காஸ்டரை (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) கொஞ்சம் கூட்டினால் வண்டி நேராக ஓடும், ஆனால் ஸ்டியரிங் கனக்கும். முதலில் காற்றழுத்தம், அப்புறம் காஸ்டர், கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் கோணம்), கடைசியில் டோ. ஒன்றை மாற்றி ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்தது.

கேள்வி: ஸ்டியரிங் கனமாக இருப்பதால் எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் கிட் ஆர்டர் செய்துவிட்டேன். கிங்பின் (முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் முளை) தேய்ந்திருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்தானே?

பதில்: முடியாது. தேய்மானத்தை மோட்டார் மறைத்துவிடும், உங்கள் கைக்கு எதுவும் தெரியாது. கிங்பின்னை மாற்றி கிரீஸ் அடித்த பிறகும் கனமாக இருந்தால் மட்டும் கிட்டைப் பிரியுங்கள். வேகம் கூடக்கூட அதன் உதவி குறைகிறதா என்று விற்றவரிடம் இன்றே கேளுங்கள். தண்டை வெட்டி வெல்டிங் வைக்கச் சொன்னால் பெட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிடுங்கள்.