18 டிகிரியில் பிழைக்கும் பழ ஈ 29 டிகிரியில் ஏன் சாகிறது?

ஒரே சடுதிமாற்றம் உள்ள பழ ஈக்கள் 18 டிகிரி செல்சியஸில் நன்றாக வளர்ந்து 29-ல் சாவது ஏன், அதை வைத்து அந்த மரபணு எப்போது தேவைப்படுகிறது என்று சொல்ல முடியுமா என்பது கேள்வி. சொல்ல முடியும். ஆனால் ஈ சாகும் நேரத்தை மட்டும் பார்த்துச் சொல்லக் கூடாது. கருவிலேயே நேர்ந்த கோளாறு கூட்டுப்புழுவில்தான் உயிரைப் பறிக்கலாம்.

அந்த மரபணு உருவாக்கும் புரதத்தில் பெரும்பாலும் ஒரு அமினோ அமிலம் மட்டும் மாறியிருக்கும். குளிரில் புரதம் ஓரளவு சரியான வடிவில் மடிந்து வேலை செய்யும். சூட்டில் மடிப்பு குலையும். செல் சவ்விலிருந்து சிறு பைகளைப் பிரித்துவிடும் டைனமின் புரதத்துக்கான ஷிபிரே மரபணுவில் இதை நேரடியாகவே பார்க்கலாம். அதன் வெப்ப உணர்வு விகாரிகள், அதாவது சூட்டில் மட்டும் குறை காட்டும் சடுதிமாற்ற ஈக்கள், 29 டிகிரியில் சில நிமிடங்களில் முடங்கி விழும், குளிரவிட்டால் எழுந்து நடக்கும். அதே விகாரியை வளரும் பருவத்தில் சில மணி நேரம் மட்டும் சூட்டில் வைத்தால், எந்த நேரத்தில் வைத்தோம் என்பதற்கேற்பக் கண்ணில் வடு, முள்மயிர் இழப்பு என்று குறை மாறும். ஒரே மரபணு பல இடங்களில், பல நேரங்களில் தேவைப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சூடு பட்டால் ஈ சாகும் வளர்ச்சிக் கட்டத்தை உணர்வுக் காலம் என்பார்கள். அதைக் கண்டறியக் குப்பிகளின் இரண்டு வரிசைகள் வேண்டும். இரண்டு மணி நேரம் மட்டும் முட்டையிட விட்டு, குப்பிக்குச் சுமார் 50 முட்டைகள் வையுங்கள்; நெரிசல் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும். முதல் வரிசை 18-ல் தொடங்கட்டும். தினமும் ஒரு குப்பியை 29-க்கு மாற்றுங்கள். எந்த வயதிலும் அதற்குப் பிறகும் மாற்றினால் ஈக்கள் பிழைக்கின்றனவோ, அதுவே உணர்வுக் காலத்தின் முடிவு. இரண்டாவது வரிசை 29-ல் தொடங்கி 18-க்குப் போகும். இங்கே வளர்ச்சி வேகமாக நடப்பதால் 12 மணி நேரத்துக்கு ஒரு குப்பி. எந்த வயதுக்குப் பிறகு மாற்றியும் காப்பாற்ற முடியவில்லையோ, அது தொடக்கம்.

கணக்கு தவறுவது பெரும்பாலும் மணி நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்வதால்தான். முட்டையிலிருந்து ஈ வெளிவர 25-ல் சுமார் 10 நாள். 18-ல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே 18-ல் கழிந்த 24 மணி நேரம் 25-ல் சுமார் 12 மணி நேரத்துக்குச் சமம். வயதை மணியில் எழுதுவதைவிட, புழு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து எழுதுவது பாதுகாப்பானது.

குப்பியைக் காற்று இன்குபேட்டரில் வைத்தால் உள்ளே உணவு மெதுவாகத்தான் சூடேறும். குறுகிய நேரச் சூட்டுக்கு, வெப்பத்தைச் சீராக வைக்கும் நீர்த்தொட்டியே சரி. இன்குபேட்டரின் திரையை நம்பாமல் குப்பிக்குள்ளேயே வெப்பமானி வையுங்கள், ஒரு டிகிரி குறைந்தாலும் சில விகாரிகள் தப்பிவிடும். 29-ல் உணவு காய்ந்து வெடிக்கும், தண்ணீர்த் தட்டு ஒன்று அருகில் இருக்கட்டும். சடுதிமாற்றம் இல்லாத இயல்பு வகை ஈக்களையும் அதே சூட்டில் கட்டாயம் வளர்க்க வேண்டும். 30 டிகிரியை நெருங்கும்போது அவற்றின் ஆண்களுக்கே மலட்டுத்தன்மை வரத் தொடங்கும்.

இன்னும் இரண்டு சிக்கல்கள். சில புரதங்கள் உருவாகும்போது மட்டுமே சூட்டால் கெடும். ஏற்கெனவே சரியாக மடிந்த புரதம் 29-லும் தாங்கும். அப்போது உணர்வுக் காலம் உண்மையான தேவைக்கு முன்பே முடிந்துவிட்டதுபோலத் தோன்றும். அடுத்தது தாய். ஆரம்பக் கரு தாய் முட்டைக்குள் வைத்த ஆர்என்ஏவையும் புரதத்தையும் கொண்டே ஓடுகிறது. தாயிடம் அந்த மரபணுவின் ஒரு நல்ல பிரதி இருந்தால் கருவின் குறை மறைந்துவிடும். எனவே இரு பிரதிகளும் மாறிய தாயை 29-ல் வைத்து இட்ட முட்டைகளையும் தனியாகப் பாருங்கள்.