ஏர் ஃப்ரையர் பேகல்: கொதிநீரைத் தாண்டிப் போகாதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பேகலை, அதாவது கொதிநீரில் போட்டெடுத்துச் சுடும் வளைய ரொட்டியைப் பற்றித்தான், அதிலும் ஏர் ஃப்ரையரில் செய்வதைப் பற்றி. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கீழே எங்கெல்லாம் அளவு வருகிறதோ அதெல்லாம் 500 கிராம் மாவுக்கு: தண்ணீர் 285 கிராம், உப்பு 10, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4, மால்ட் சிரப் (முளைகட்டிய பார்லியிலிருந்து எடுக்கும் இனிப்புப் பாகு) அல்லது சர்க்கரை 12. சுமார் 100 கிராம் எடையில் எட்டு பேகல் வரும்.

எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம்?

170 டிகிரி, 12 முதல் 14 நிமிடம். எட்டாவது நிமிடத்தில் திருப்பிப் போடுங்கள்.

ஓவனுக்கு 220 டிகிரி என்று போட்டிருந்தது. ஏர் ஃப்ரையரிலும் அதற்குக் கிட்டத்தட்ட 200 வைத்தேன். மேலே கருகிவிட்டது, உள்ளே பச்சை மாவு. ஏன்?

ஓவன் குறிப்பை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது, அதனால்தான். இங்கே சூடாக்கும் கம்பிச் சுருள் பேகலுக்கு மிக அருகில், மேலேயே இருக்கிறது, மின்விசிறி அந்தச் சூட்டை நேராகக் கீழே தள்ளுகிறது. மேல்தோல் சிவக்க ஐந்து நிமிடம் போதும், ஆனால் நடுப்பகுதி வேக அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். சூட்டைக் குறையுங்கள், நேரத்தைக் கூட்டுங்கள். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 95 டிகிரி காட்ட வேண்டும். இல்லையென்றால் ஒன்றைக் கையில் எடுத்து அடிப்பக்கம் தட்டிப் பாருங்கள், உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் வந்தால் வெந்துவிட்டது.

பேகல் சரியாக வரவில்லை. என்ன தப்பு செய்தேன்?

கடிதம் இவ்வளவுதான். எந்த மாவு, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் உப்பவிட்டீர்கள், கல்லாக வந்ததா, தட்டையாக வந்ததா, எதுவுமே எழுதவில்லை. இதற்கு நான் எப்படிப் பதில் சொல்வது? தராசில் நிறுத்து, அளவைக் குறித்துவைத்து, இன்னொரு முறை செய்துவிட்டு எழுதுங்கள். கப் கணக்கு வேண்டவே வேண்டாம். ஒரே கப்பில் மாவை அழுத்தி அள்ளினால் 150 கிராம், தளர்த்திப் போட்டால் 120. நாலு கப்பில் இந்த வித்தியாசம் 120 கிராம் வரை போகும். அதில் எந்த ரொட்டியும் பிழைக்காது, பேகல் நிச்சயமாகப் பிழைக்காது.

அக்கா, ஏர் ஃப்ரையரில் செய்வதென்றால் தண்ணீரில் வேகவைக்கத் தேவையில்லை என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்களே. நேராக உள்ளே வைக்கலாமா?

வைக்கலாம், ரொட்டி வரும். பேகல் வராது. இந்த ஒரு விஷயத்தை எத்தனை தடவை எழுதினாலும் எனக்குத் தீராது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேகலை பேகல் ஆக்குவது நடுவில் இருக்கும் ஓட்டை இல்லை, கொதிநீர். போலந்தின் கிராக்கோவ் நகர யூதர்களின் 1610ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே பேகல் பற்றிய பேச்சு வருகிறது, அத்தனை பழைய ரொட்டி இது. இன்றைக்கு நியூயார்க் பாணியில் மால்ட் கலந்த தண்ணீர், மான்ட்ரியால் பாணியில் தேன் கலந்த தண்ணீர். மாவில், இனிப்பில், உப்பில், சுடும் அடுப்பில் எல்லாவற்றிலும் இரண்டும் வேறுபடும். தண்ணீரில் போட்டு எடுப்பதில் மட்டும் வேறுபடாது.

தண்ணீரில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். மாவு வளையம் உள்ளே போனதும் மிதக்கும். பத்து, பதினைந்து விநாடியில் மேல்பக்கம் வெளுத்து, தோல் லேசாகச் சுருங்கும். ஜல்லிக் கரண்டியால் எடுத்தால் மெழுகு தடவியதுபோல் பளபளக்கும், தொட்டால் வழுக்கும். 60 டிகிரிக்கு மேல் போனதும் வெளிப்புற மாவுச்சத்து தண்ணீரைக் குடித்துக் கூழாகிவிடுகிறது, அந்தக் கூழ்தான் பிறகு பளபளப்பான, இழுத்துக் கடிக்கிற தோலாக மாறுகிறது. அதே தோல் உள்ளே இருக்கும் மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அளவுக்கு மேல் உப்பவிடாமல் வைக்கிறது. பேகலின் கனம் அங்கிருந்துதான் வருகிறது.

ஏர் ஃப்ரையரில் இது இன்னும் அவசியம். ஓவனில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்தாவது நீராவி உண்டாக்கலாம். இங்கே மின்விசிறி ஈரத்தையெல்லாம் வெளியே துரத்திவிடும். வேகவைக்காத மாவின் தோல் இரண்டு மூன்று நிமிடத்திலேயே காய்ந்து இறுகிவிடும், உள்ளே இருக்கும் காற்று போக வழியில்லாமல் பக்கவாட்டில் பிளந்துகொண்டு வரும். வந்த கடிதங்களில் ‘பக்கத்தில் வெடிக்கிறது, நிறம் மங்கலாக, மாவு படிந்தமாதிரி இருக்கிறது’ என்று எழுதிய மூவருமே தண்ணீரைத் தவிர்த்தவர்கள்தான்.

கெட்டித் தயிரும் பேக்கிங் பவுடர் கலந்த மாவும் சேர்த்து இருபது நிமிடத்தில் செய்கிறார்களே, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ருசியாகத்தான் இருக்கும், அவசரத்துக்குச் செய்யுங்கள். ஆனால் ஈஸ்ட்டும் இல்லை, கொதிநீரும் இல்லை, கடித்தால் பொலபொலவென உதிர்கிறது. அதை பேகல் என்று சொல்லிக்கொடுப்பதால்தான், முதன்முதலில் செய்து பார்ப்பவர்கள் பேகல் என்றாலே இவ்வளவுதான் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது எனக்கு நிஜமாகவே வருத்தம் தருகிறது.

மொத்தத்தில் இதற்கு ஆகும் கூடுதல் வேலை பத்து நிமிடம். அகலப் பாத்திரத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் சோடா, ஒரு மேசைக்கரண்டி தேன் அல்லது மால்ட். சோடா தண்ணீருக்குக் காரத்தன்மை (புளிப்புக்கு நேர்மாறு, மிளகாய்க் காரம் இல்லை) தருவதால் தோல் நன்றாகச் சிவக்கும், மங்கலான நிறத்துக்கு அதுதான் மருந்து. அலுமினியப் பாத்திரம் மட்டும் வேண்டாம், சோடா அதைக் கறுக்கவைத்துவிடும். ஒரு பக்கத்துக்கு 45 விநாடி, திருப்பி இன்னொரு 45 விநாடி. இரண்டு நிமிடம் மூன்று நிமிடம் என்று விட்டால் தோல் தடித்து ரப்பர் ஆகிவிடும்.

மைதாவில் செய்யலாமா?

செய்யலாம், கொஞ்சம் மெத்தென்று வரும். புரதம் 12 முதல் 14 சதவீதம் இருக்கும் பிரெட் மாவு கிடைத்தால் அதுவே நல்லது. மைதா என்றால் தண்ணீரை 270க்குக் குறைத்து, கூடுதலாக ஐந்து நிமிடம் பிசையுங்கள். பேகல் மாவு விறைப்பாகத்தான் இருக்கும், கை வலிக்கத்தான் செய்யும். வலிக்கிறதே என்று தண்ணீர் தெளித்துக்கொண்டே போகாதீர்கள்.

சுடும்போது ஓட்டை மூடிக்கொள்கிறது.

சிறியதாகப் போட்டிருக்கிறீர்கள். உருண்டையின் நடுவில் விரலை விட்டு, இரண்டு ஆள்காட்டி விரலிலும் மாட்டிச் சுழற்றி, நாலைந்து சென்டிமீட்டர் வரை விரியுங்கள். உப்பும்போது பாதி மூடிவிடும்.

எள்ளும் கசகசாவும் பறந்துபோய் ஏர் ஃப்ரையர் முழுக்க ஒட்டிக்கொள்கிறது.

மேலே தூவினால் பறக்கத்தான் செய்யும். விதைகளைத் தட்டில் பரப்பிவைத்துக்கொண்டு, தண்ணீரிலிருந்து எடுத்த பேகலைப் பத்து விநாடி வடியவிட்டு, ஈரமான பக்கத்தைத் தட்டில் கவிழ்த்து அழுத்துங்கள். அந்தக் கூழே பசைபோல் பிடித்துக்கொள்ளும். முட்டை சாப்பிடுகிறவர்கள் வெள்ளைக்கருவைத் தடவலாம். காய்ந்த பூண்டுச் சீவலை மட்டும் முன்பே தண்ணீரில் நனைத்துவிடுங்கள், இல்லையென்றால் எட்டு நிமிடத்தில் கருகிக் கசக்கும். வேகவைக்காத பேகலில் விதை ஒட்டாது, அதையும் நினைவில் வையுங்கள்.

பேக்கிங் தாளை முதலிலேயே போட்டுச் சூடாக்கலாமா?

கூடாது. மேலே எடை இல்லாத தாளை மின்விசிறி தூக்கி நேராகச் சுருளில் ஒட்டிவிடும். ஒரு தடவை என் சமையலறையிலேயே நடந்தது. மூன்று நிமிடச் சூடாக்கலில் கருகிய வாடை வந்து, திறந்து பார்த்தால் தாளின் ஓரம் பழுப்பாகச் சுருண்டிருந்தது, நல்லவேளை தீப்பிடிக்கவில்லை. கூடையை வெறுமனே சூடாக்குங்கள். பேகலை அதன் அளவுக்கு வெட்டிய தாளின்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்தே உள்ளே இறக்குங்கள்.

என் கூடையில் மூன்றுதான் கொள்கிறது. மீதி ஐந்தை என்ன செய்வது?

நல்ல கேள்வி, நிறையப் பேர் கேட்க மறந்துவிடுவார்கள். மீதியை வடிவம் செய்து, மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே வைத்தால் முதல் இரண்டு ஈடு முடிவதற்குள் கடைசி இரண்டும் அளவுக்கு மேல் உப்பி, தண்ணீரில் போட்டதும் தொய்ந்துவிடும். எட்டையும் ஒரேயடியாக வேகவைத்து அடுக்கிவைக்காதீர்கள், கூழ் காய்ந்து தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு ஈடு இறங்கும்போது அடுத்த ஈடு தண்ணீருக்குப் போக வேண்டும், அந்தக் கணக்கில் செய்யுங்கள்.

ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தால்?

மிகவும் நல்லது. 8 முதல் 16 மணி நேரம் வரை வைக்கலாம், மணமும் கூடும், சுட்டதும் தோலில் குட்டிக் குட்டிக் கொப்புளங்கள் வரும். காலையில் ஒன்றைக் குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுப் பாருங்கள். பத்து விநாடியில் மிதந்தால் அப்படியே கொதிநீருக்குப் போகலாம், மூழ்கினால் வெளியே எடுத்துவைத்து அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

சூடாக வெட்டினால் உள்ளே பிசுபிசுவென்று இருக்கிறது.

சூடாக வெட்டியதால்தான். இருபது நிமிடமாவது ஆறவிடுங்கள்.

மிஞ்சியதை ஃபிரிட்ஜில் வைத்தேன், மறுநாள் கல்.

சுட்ட ரொட்டிக்கு ஃபிரிட்ஜ் ஆகாது, அந்தக் குளிரில் மாவுச்சத்து வெளியில் இருப்பதைவிட வேகமாக இறுகும். அன்றைக்குத் தீராது என்று தெரிந்தால், ஆறியதும் குறுக்கே இரண்டாக வெட்டி, காற்றுப் புகாத பையில் ஃப்ரீசரில் போடுங்கள். ஒரு மாதம் தாராளமாக இருக்கும். எடுத்ததும் உருகவிடாமல் 160 டிகிரியில் நாலு நிமிடம், வெட்டிய பக்கம் மேலே பார்க்க. தாள் வேண்டாம்.