சூரியன் எந்தப் பக்கம், கேமரா எந்தப் பக்கம்?

கணினியில் விமானம் ஓட்டும் ஃபிளைட் சிமுலேட்டரில் ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மணிக்கணக்கில் பறப்பவர்களுக்கு, வழியில் எடுத்த படங்கள்தான் பயணத்தின் மிச்சம். அந்தப் படங்கள் குறித்து வாசகர்கள் கேட்ட சில கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: பெரிய மலைத்தொடரை ஒட்டித்தான் பறக்கிறேன். ஆனால் படம் எடுத்தால் விமானம் திரையை அடைத்துக்கொள்கிறது, மலை ஏதோ மண்மேடு மாதிரி பின்னால் தெரிகிறது. ஏன்?

கேமரா விமானத்துக்கு மிக அருகில், அகன்ற கோணத்தில் நிற்பதால்தான். பின்னால் போய் ஜூம் செய்யுங்கள். மலை எழுந்து நிற்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். செஸ்னா 172 விமானத்தின் நீளம் 8 மீட்டருக்குச் சற்று அதிகம். கேமரா அதிலிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்கிறது, மலை 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேமராவை 200 மீட்டருக்குப் பின்னிழுத்து, பத்து மடங்கு ஜூம் செய்யுங்கள். விமானம் திரையில் முன்பிருந்த அளவிலேயே இருக்கும். மலைக்கும் கேமராவுக்கும் இடையிலான தூரமோ 10,000 மீட்டரிலிருந்து 10,180 மீட்டர்தான் ஆகியிருக்கிறது. ஆகவே ஜூம் செய்த பத்து மடங்கும் ஏறக்குறைய அப்படியே மலைக்குக் கிடைத்துவிடும்.

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் இன்சர்ட் விசையை அழுத்தினால், விமானத்தை விட்டுத் தனியே நகரும் ட்ரோன் கேமரா வரும். முதலில் கேமரா மெனுவில் ட்ரோனின் நகரும் வேகத்தையும் திரும்பும் வேகத்தையும் குறைத்துவிடுங்கள். ஜூம் கூடியபின் சிறு அசைவும் பெரிதாகிவிடும். வேகத்தைக் குறைக்காவிட்டால் விமானம் சட்டத்துக்கு வெளியே ஓடிவிடும், அதைத் தேடியே பொழுது போய்விடும். பிறகு மெதுவாகப் பின்வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஜூமைக் கூட்டுங்கள். ‘டெப்த் ஆஃப் ஃபீல்ட்’ அமைப்பை அணைத்துவிடுங்கள். அது விமானத்தின் மேல் ஃபோகஸ் வைத்து மலையை மங்கலாக்கும்; மலைக்காகவே எடுக்கும் படத்தில் அது வேண்டாம். ஃபிளைட்கியர் என்ற சிமுலேட்டரில் ‘வி’ விசை பார்வைகளை மாற்றும், சிறிய ‘எக்ஸ்’ ஜூம் செய்யும், ஷிஃப்டோடு அழுத்தினால் விரியும்.

பத்து மடங்கு என்றது கணக்குக்காக. நடைமுறையில் மூன்று முதல் ஐந்து மடங்கு போதும். அதற்கு மேல் போனால் தூரத்து மலையின் குறைந்த நுணுக்கம் பல்லைக் காட்டிவிடும்.

கேள்வி: பொன்மாலை வெளிச்சம் வருகிறதே என்று கேமராவைச் சரிசெய்வதற்குள் போய்விடுகிறது. எவ்வளவு நேரம்தான் கிடைக்கும்?

சூரியன் தொடுவானத்துக்கு மேல் ஏறத்தாழ 6 பாகைக்குள் இருக்கும் நேரத்தைத்தான் பொன்வெளிச்சம் என்கிறோம். வானில் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. நிலநடுக்கோட்டருகே அது ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் 24 நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். 60 பாகை அட்சரேகையில், பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களில், சாய்ந்து இறங்குவதால் 48 நிமிடம் வரை நீளும். வெளிச்சத்துக்காகவே பாதை தேர்ந்தெடுப்பவர்கள் வடக்கே போவது இதனால்தான்.

மேற்கே பறந்தால் இன்னும் லாபம். 60 பாகையில் பூமியின் சுழற்சி வேகம் சுமார் 450 நாட் (மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர்). ஜெட் விமானத்தில் அதே தரைவேகத்தில் நேர் மேற்கே போனால் சூரியன் இருந்த இடத்திலேயே நிற்கும். ஒரே அந்தியைப் பயணம் முழுக்கப் படமெடுக்கலாம்! கிழக்கே போகிறீர்கள் என்றால் நேர்மாறு. எல்லாவற்றையும் முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும்.

உயரமும் உதவும். 35,000 அடியில் தொடுவானம் 3 பாகைக்குச் சற்று அதிகமாகக் கீழிறங்கிவிடுகிறது. எனவே நிலநடுக்கோட்டருகே தரையில் சூரியன் மறைந்த பிறகும் சுமார் 13 நிமிடம் விமானத்தின் மேல் வெயில் இருக்கும். கீழே பள்ளத்தாக்கு நீலமாக இருண்டிருக்க, இறக்கை மட்டும் செம்பு நிறத்தில் மின்னும். இதைவிட அழகான சில நிமிடங்கள் சிமுலேட்டரில் கிடையாது என்பது எங்கள் எண்ணம்.

கேமராவை நிறுத்தும் பக்கத்தையும் முன்பே முடிவு செய்யுங்கள். மாலையில் வடக்கு நோக்கிப் பறந்தால் சூரியன் இடது பக்கம் இருக்கும். கேமராவை இடது பக்கம் வைத்துக் கிழக்கே பார்த்தால் விமானத்தின் நிறமும் மலையின் மடிப்புகளும் வெளிச்சத்தில் தெரியும். வலது பக்கம் வைத்து மேற்கே பார்த்தால் நிழலுருவம் கிடைக்கும். சூரியன் சரியாகக் கேமராவின் முதுகுப் பக்கம் இருந்தால் மட்டும் படம் தட்டையாகிவிடும். மலையின் நிழல்கள் மலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதே காரணம். முப்பது, நாற்பது பாகையாவது பக்கவாட்டில் இருக்கட்டும்.

ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்ன் சிகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 4,478 மீட்டர். அதன் கிழக்கு முகத்தில் விடியலின் முதல் வெயில் விழும், வடக்கு முகம் நிழலிலேயே இருக்கும். செர்மாட் கிராமம் இருக்கும் வடகிழக்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு முகங்களும் நடுவிலுள்ள விளிம்பும் ஒன்றாகத் தெரியும். ஒரு பக்கம் ஆரஞ்சு, மறுபக்கம் நீலம். அதே மலையை மாலையில் அங்கிருந்து எடுத்தால் இரண்டு முகமும் மங்கிக் கிடக்கும்.

கேள்வி: மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் விமானத்தை நிறுத்திவைக்கும் ‘ஆக்டிவ் பாஸ்’ போட்டுவிட்டு நிதானமாகப் படமெடுக்கிறேன். விடுவித்ததும் விமானம் மூக்கைத் தூக்குகிறது, சில சமயம் ஸ்டாலே (இறக்கை தூக்குவிசையை இழப்பது) ஆகிவிடுகிறது. என்ன தவறு?

ஆக்டிவ் பாஸ் விமானத்தின் இடத்தை மட்டும்தான் உறைய வைக்கும். என்ஜின் ஓடும், மேகம் நகரும், கடிகாரமும் நிற்காது. ஆட்டோபைலட்டும் வேலையை நிறுத்தாது. அது திருத்தம் செய்கிறது, விமானமோ அசைவதில்லை. அதனால் மூக்கின் நிலையைக் கை வைக்காமலே பிடித்துவைக்கும் டிரிம்மை மேலும் மேலும் சுழற்றிக்கொண்டே போகிறது. விடுவித்ததும் அத்தனை டிரிம்மும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது.

விமானத்தைச் சமமாக டிரிம் செய்து, ஆட்டோபைலட்டை அணைத்து, அதன் பிறகு பாஸ் போடுங்கள். இடையில், என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் தொடாதீர்கள். விடுவித்ததும் இறக்கைகளை நேராக்கி, வேகம் நிலைத்த பின் ஆட்டோபைலட்டைப் போடுங்கள். கீழே 1,000 அடியாவது இடைவெளி இருக்கட்டும். கடிகாரம் ஓடுவதால், பத்து நிமிடம் கேமராவை நகர்த்திக்கொண்டிருந்தால் வெளிச்சமும் மாறியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டரில் இந்தத் தொல்லையே இல்லை. ‘பி’ விசை எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அதிலுள்ள ரீப்ளே வசதி அதைவிடப் பெரிய வரம். முதலில் ஒழுங்காகப் பறந்து முடியுங்கள்; பிறகு பின்னோக்கி ஓட்டி, விட்டுப்போன தருணத்தை வேறொரு கேமராவில் பிடியுங்கள். ஃபிளைட்கியரிலும் கன்ட்ரோலோடு ‘ஆர்’ அழுத்தினால் ரீப்ளே உண்டு.

கேள்வி: தாழப் பறந்தால் தரை கூழாகத் தெரிகிறது. கணினி போதவில்லையா?

பெரும்பாலும் கணினியின் குற்றம் இல்லை. தரையில் விரித்திருப்பது மேலிருந்து எடுத்த புகைப்படம். 500 அடியில் நின்று பார்த்தால் அதன் புள்ளிகள் பெரிதாகிக் குழம்பும். முப்பரிமாணமாகப் பதிவான கட்டடங்களும் மெழுகு உருகியது போலிருக்கும். சிறு விமானத்துக்குத் தரையிலிருந்து 1,500 முதல் 3,000 அடி நல்ல உயரம். மரங்கள் மரங்களாகவே தெரியும், நதியின் வளைவும் முழுதாகச் சட்டத்துக்குள் வரும்.

கேமராவை நகர்த்திய உடனே கிளிக் செய்யாதீர்கள். புதிய இடத்தின் நுணுக்கம் இணையத்திலிருந்து வந்து சேரச் சில நொடிகள் ஆகும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் தரை நுணுக்கத்துக்கான ‘டெரெயின் லெவல் ஆஃப் டீட்டெய்ல்’ அளவை அந்த ஒரு படத்துக்காக மட்டும் உயர்த்திப் பாருங்கள். பறக்கும்போது திணறினாலும் நின்ற படத்துக்கு அது பொருட்டில்லை.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. அந்தப் புகைப்படத்திலேயே நிழல்கள் பதிந்திருக்கும். வட அரைக்கோளத்தின் மித வெப்பப் பகுதிகளில் நடுப்பகல் சூரியன் தெற்கே நிற்பதால், அந்த நிழல்கள் பெரும்பாலும் வடக்கு நோக்கி விழுந்திருக்கும். சிமுலேட்டரின் சூரியனோ வேறு திசையில். ஒரே மலைக்கு இரண்டு நிழல் என்றால் படம் ஏனோ சரியில்லை என்று தோன்றும், காரணம் புலப்படாது. கோணத்தைச் சற்று மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: திரையில் அருமையாக இருக்கிறது. சேமித்த படம் மட்டும் வெளுத்துப்போய் வருகிறது.

எச்டிஆர் (திரையில் ஒளியையும் இருளையும் கூடுதல் வீச்சில் காட்டும் வசதி) போட்டிருப்பீர்கள். அந்த ஒளி அளவுகள் சாதாரண பிஎன்ஜி கோப்பில் அடங்காது. படம் எடுக்கும் நாளில் விண்டோஸிலும் சிமுலேட்டரிலும் எச்டிஆரை அணைத்துவிடுங்கள்.

கோப்பு வகையையும் பாருங்கள். அந்தி வானத்தின் மெல்லிய நிறமாற்றம் ஜேபெக்கில் பட்டை பட்டையாக உடைந்துவிடும். விண்டோஸ் விசையோடு பிரின்ட் ஸ்கிரீன் அழுத்தினால் பிஎன்ஜியாகவே சேரும். மவுஸ் அம்புக்குறியும் படத்தில் வராது. எக்ஸ்-பிளேனில் ஷிஃப்டும் ஸ்பேஸும். படம் அவுட்புட் கோப்புறைக்குள் உள்ள ஸ்கிரீன்ஷாட்ஸில் இருக்கும். ஃபிளைட்கியரில் எஃப்3. ஸ்டீம் என்ற விளையாட்டுத் தளத்தின் எஃப்12 பயன்படுத்துபவர்கள், சுருக்கப்படாத நகலையும் சேமிக்கும் தேர்வை அமைப்புகளில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரெண்டர் ஸ்கேலிங்கை 200 ஆக்கியும் படத்தின் அளவு பெரிதாகவில்லையே?

ஆகாது. உள்ளுக்குள் பெரிதாக வரைந்து, திரையின் அளவுக்குச் சுருக்கித்தான் காட்டும். 1920×1080 திரையில் விளிம்புகள் வழவழப்பாகும், ஆனால் கோப்பு 1920×1080தான். பெரிய கோப்பே வேண்டுமென்றால் கிராஃபிக்ஸ் கார்டின் மென்பொருளில், திரையைவிடப் பெரிய அளவில் வரைய உதவும் என்விடியாவின் டிஎஸ்ஆர் அல்லது ஏஎம்டியின் விஎஸ்ஆர் வசதியை இயக்கி, சிமுலேட்டரின் திரை அளவையே 3840×2160 ஆக்குங்கள்.

கேள்வி: விமானம் வானத்தில் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் மாதிரி தெரிகிறது. உயிரோட்டம் எப்படி வரும்?

திருப்பத்தில் எடுங்கள். 20 முதல் 30 பாகை சாய்ந்தால் இறக்கையின் மேற்பரப்பில் வெளிச்சம் சரிந்து விழும். விமானம் போகும் திசையில் காலி இடம் விடுங்கள்; மூக்கு சட்டத்தின் ஓரத்தில் முட்டி நிற்கக் கூடாது. ஃப்ளாப்ஸ் (இறக்கையின் பின்விளிம்பில் விரியும் தகடுகள்) இறங்கியபடி 9,000 அடியில் பறந்தால், பறக்கத் தெரிந்தவர்கள் ஒரே பார்வையில் தவறைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மேகமே இல்லாத வானமும் படத்தைக் கொன்றுவிடும். வானிலைப் பலகையில் ஒரு மேக அடுக்கை விமானத்துக்குச் சற்றுக் கீழே, கால்வாசிப் பரப்பளவுக்கு வையுங்கள். மேகத்தின் நிழல்கள் தரையில் விழுந்ததும் மேடும் பள்ளமும் தனித்தனியே தெரியும். ஏரோசால் (காற்றில் மிதக்கும் தூசு, புகை) அளவைக் கொஞ்சம் கூட்டினால் தூரத்து மலைகள் அடுக்கடுக்காக வெளிறும். அதிகம் கூட்டினால் எல்லாம் பால் நிறமாகிவிடும், கவனம்.

நல்ல இடம் அமைந்துவிட்டால், கிளிக் செய்வதற்கு முன்பே அந்தப் பயண நிலையைச் சேமித்துவிடுங்கள். கோப்பின் பெயரில் இடம், உயரம், சிமுலேட்டர் நேரம் மூன்றும் இருக்கட்டும். ஐந்து நிமிடம் முன்னதாக எடுத்திருக்கலாமே என்று மறுநாள் தோன்றினால், அதே மலைக்கு அதே வெயிலில் திரும்பிப் போகலாம்.