கணித ஆசிரியரைச் சட்டத்தால் கொண்டுவரலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத் தீவகத்தில் உள்ள எங்கள் மாகாணப் பாடசாலையில் ஒரு வருடமாகக் கணித ஆசிரியர் இல்லை. சாதாரண தரப் பிள்ளைகள் ரியூசனையே நம்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு பாடசாலைக்கும் கணித ஆசிரியர் கட்டாயம் என்று சட்டம் போட வைக்க ஏலாதா?

பதில்: ஏலும். ஆனால் இப்போதைக்கு அதைச் செய்ய ஆளில்லை. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி உங்கள் பாடசாலை மாகாணத்தின் பொறுப்பு. அதற்கான நியதிச்சட்டத்தை, அதாவது மாகாண அளவிலான சட்டத்தை, வட மாகாண சபைதான் ஆக்கவேண்டும். அதன் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது, பிறகு தேர்தலே நடக்கவில்லை. ஆளுநர் நிர்வாகத்தை நடத்தலாம், நியதிச்சட்டம் ஆக்க முடியாது. பாராளுமன்றம் ஆக்கலாம், ஆனால் மாகாண விடயம் என்பதால் சட்டமூலத்தை முதலில் மாகாண சபைகளின் கருத்துக்கு அனுப்பவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 154எ உறுப்புரை.

சபை வந்தாலும் 'கட்டாயம்' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் கேட்காதீர்கள். ஆசிரியர் கிடைக்காவிட்டால் அந்தச் சட்டத்தை வைத்து என்ன செய்வது? நான் கேட்பது வேறு. நடப்பது இதுதான்: ஓர் ஆசிரியரின் பெயர் தீவகப் பாடசாலையின் ஆளணிப் பட்டியலில் இருக்கும், ஆள் 'தற்காலிக இணைப்பில்' பட்டினத்தில் படிப்பிப்பார். கடதாசியில் வெற்றிடமே இராது. ஆகவே புதிய நியமனமும் வராது. இணைப்புக்கு முடிவுத் திகதி வேண்டும், பாடவாரியான ஆளணி விபரத்தைக் கல்வி வலயம் ஒவ்வொரு தவணையும் வெளியிடவேண்டும். இந்த இரண்டும் சட்டத்தில் ஏறினால் பாதிச் சிக்கல் தீரும் என்பது என் கணிப்பு. சபை வரும்வரை இவற்றைச் சுற்றுநிருபமாகவே கேட்கலாம்.

உங்கள் பாடசாலையிலும் இந்த இணைப்புக் கதைதானா நடக்கிறது என்று முதலில் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்விப் பணிமனையின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். அனுமதிக்கப்பட்ட கணித ஆசிரியர் எத்தனை, நியமனம் பெற்றவர் எத்தனை, அவர்களில் வேறிடத்தில் இணைப்பில் இருப்பவர் எத்தனை, எந்தத் திகதிவரை? காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலைநாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவெடுக்கவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. 'ஆசிரியர் ஏன் இல்லை?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதற்கு 'நடவடிக்கை எடுக்கப்படுகிறது' என்ற பதில்தான் வரும்.

பதில் கைக்கு வந்ததும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் தீர்மானம் எடுத்து, இலக்கங்களையும் இணைத்து வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் மாகாணக் கல்விச் செயலாளருக்கும் அனுப்புங்கள். அசையாவிட்டால் உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் மூலம் பாராளுமன்றத்தின் பொது மனுக்கள் குழுவுக்குப் போகலாம்.