விஆர் மாட்டினால் இடுப்பு வலி குறையுமா? டாக்டர் பதில்கள்

கேள்வி: எனக்கு 54 வயது. பல வருடமாக இடுப்பு வலி. எம்ஆர்ஐ எடுத்ததில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் தேவையில்லை என்றுவிட்டார்கள். பெல்ட், தைலம், மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. அமெரிக்காவில் இருக்கும் மகன், "இங்க விஆர் ஹெட்செட் மாட்டியே இடுப்பு வலிக்கு வைத்தியம் பாக்குறாங்கம்மா, ஒண்ணு வாங்கி அனுப்பவா?" என்கிறான். கண்ணுக்குப் படம் காட்டினால் இடுப்பு வலி எப்படிக் குறையும்?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் மகன் சொல்வது உண்மைதான் அம்மா. விஆர் என்றால் வர்ச்சுவல் ரியாலிட்டி: கண்ணை மூடினாற்போல ஒரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால், கம்ப்யூட்டர் காட்டும் உலகத்துக்குள்ளேயே நாம் இருப்பது போலத் தெரியும். 2021 நவம்பரில், மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ, ஈஸ்விஆர்எக்ஸ் என்கிற விஆர் கருவிக்கு அனுமதி கொடுத்தது. நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள பெரியவர்கள் டாக்டர் சீட்டின் பேரில் வாங்கி வீட்டிலேயே பயன்படுத்தலாம். பிறகு அதன் பெயரை ரிலீவ்விஆர்எக்ஸ் என்று மாற்றினார்கள்.

ஆனால் அதில் ஓடுவது சும்மா படம் இல்லை. 8 வாரத்துக்குத் தினம் ஒன்றாக 56 பாடங்கள், ஒவ்வொன்றும் 2 நிமிடத்திலிருந்து 16 நிமிடம் வரை. நீங்கள் விடும் மூச்சை மைக் பக்கம் திருப்பிவிட ஹெட்செட்டோடு ஒரு சின்ன அமைப்பு இருக்கும். மெதுவாக மூச்சை விட விட, கண்முன் தெரியும் காட்சியும் அதற்கேற்ப மாறும். நாங்கள் எத்தனை முறை 'நிதானமாக மூச்சு விடுங்கள்' என்று சொன்னாலும் பிடிபடாத விஷயம், தன் மூச்சைத் தானே கண்ணால் பார்க்கும்போது பலருக்குப் பிடிபட்டுவிடுகிறது. வலி எப்படி உண்டாகிறது, பதற்றம் அதை எப்படி ஏற்றிவிடுகிறது, கவனத்தை வேறு பக்கம் எப்படித் திருப்புவது என்பதெல்லாம் அந்தப் பாடங்களில் வரும்.

இதற்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்றால், 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியில் பல பேருக்கு அடிபட்ட தசையும் தசைநாரும் ஏற்கெனவே ஆறியிருக்கும், நரம்பு மண்டலம் மட்டும் உஷாராகவே இருந்து பழகியிருக்கும். திருடனுக்குக் குரைக்க வேண்டிய நாய் தபால்காரருக்கும் குரைப்பது போல, குனிந்து ஒரு குடத்தை எடுத்தாலே மூளை ஆபத்து என்று கத்தும். அந்தக் கூச்சலைத் தணிக்கப் பழக்குவதுதான் இந்த சிகிச்சை. டிஸ்க்கை அது தொடுவதே இல்லை.

சரி, பலன் எவ்வளவு? அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் 179 பேர் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு நிஜமான சிகிச்சை, மற்றவர்களுக்கு அதே மாதிரி ஹெட்செட்டில் சாதாரண இயற்கைக் காட்சி வீடியோ. சிகிச்சை முடிந்தபோது, வலி 30 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாகச் சொன்னவர்கள் முதல் குழுவில் 66 சதவீதம், இரண்டாவது குழுவில் 41 சதவீதம். வலி பாதிக்கு மேல் குறைந்தவர்கள் முதல் குழுவில் 46 சதவீதம், இரண்டாவதில் 26 சதவீதம். நல்ல வித்தியாசம்தான், ஆனால் வெறும் வீடியோ பார்த்தவர்களிலேயே 41 சதவீதம் பேருக்குக் குறைந்திருக்கிறது என்பதையும், நிஜ சிகிச்சை எடுத்தும் மூன்றில் ஒருவருக்கு அந்த அளவு பலன் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

கடையில் விற்கும் ஹெட்செட்டை வாங்கி அனுப்பினால் இந்த சிகிச்சை அதற்குள் இருக்காது என்று மகனிடம் சொல்லுங்கள். முதலில் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள், அந்தப் பணத்துக்கு அதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும்.

கேள்வி: ஐடி வேலை, கழுத்து வலி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. 'எல்லாம் உன் மனசுலதான்' என்று வீட்டில் சொல்கிறார்கள். விஆர் மூளையை ஏமாற்றி வலியைக் குறைக்கிறது என்றால், அவர்கள் சொல்வது சரி என்று ஆகிவிடாதா?
- வாசகர், கோவை

பதில்: இல்லவே இல்லை. உங்கள் வலி நூற்றுக்கு நூறு நிஜம். ஸ்கேனில் தெரியாததால் அது பொய்யாகிவிடாது, இதை வீட்டில் உள்ளவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

2015-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையைச் சொல்கிறேன். கழுத்து வலி உள்ள 24 பேருக்கு விஆர் ஹெட்செட் மாட்டி, வலி வரும் வரை தலையைத் திருப்பச் சொன்னார்கள். உள்ளே தெரிந்த காட்சியில் ஒரு தந்திரம் செய்திருந்தார்கள்: சில நேரம் தலை திருப்பியதைவிடக் குறைவாகத் திரும்பியதாகத் தெரியும், சில நேரம் அதிகமாகத் திரும்பியதாகத் தெரியும். குறைவாகக் காட்டியபோது வழக்கத்தைவிட சுமார் 6 சதவீதம் கூடுதலாகத் திருப்பிய பிறகே வலி வந்தது. அதிகமாகக் காட்டியபோது சுமார் 7 சதவீதம் முன்னதாகவே வந்துவிட்டது. கழுத்து அதே கழுத்துதான். எவ்வளவு திரும்பியிருக்கிறோம் என்று கண் சொல்வதையும் கணக்கில் எடுத்துத்தான் மூளை வலியை எழுப்புகிறது. யாரும் வேண்டுமென்று வரவழைத்துக்கொள்வது அல்ல அது.

இது சோதனைதான், சிகிச்சை இல்லை. ஆனால் 'திருப்பினால் வலிக்குமோ' என்று பயந்து பயந்து கழுத்தை மரக்கட்டையாக வைத்திருப்பவர்களுக்கு இதிலிருந்து ஒரு வழி தெரிகிறது. விளையாட்டின் வழியாக அசைவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. முதுகு வலிக்காரர்களை வைத்து அமெரிக்காவில், டாட்ஜ்பால் என்கிற பந்து விளையாட்டை விஆரில் ஆடவைத்து இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். வரும் பந்தைத் தடுக்க வேண்டும், பந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்வாக வரும், ஆடுகிறவர் தன்னை அறியாமல் குனிவார். 'குனியுங்கள்' என்று சொன்னால் விறைத்துக்கொள்கிற முதுகு, பந்துக்காகக் குனிந்துவிடும்.

கேள்வி: இந்த யோசனை எங்கே ஆரம்பித்தது?
- கல்லூரி மாணவி, மதுரை

பதில்: தீக்காயத்தில். 1990-களில் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹன்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும், தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது நோயாளிகளுக்கு விஆர் மாட்டிவிட்டார்கள். அதற்காகவே பின்னால் உருவானது ஸ்னோவேர்ல்ட்: பனிப் பள்ளத்தாக்கில் மிதந்துகொண்டே பனிமனிதர்கள் மீதும் பென்குயின்கள் மீதும் பனிப்பந்து எறியலாம். கவனமெல்லாம் அங்கே போய்விடுவதால் வலிக்கு மிஞ்சும் கவனம் குறைந்துவிடும். ஆனால் கட்டு மாற்றுவது கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும், இடுப்பு வலி அப்படி முடியாது. ஹெட்செட்டைக் கழற்றிய பிறகும் உதவுகிற ஒன்றைக் கற்றுக்கொடுத்தால்தான் நாள்பட்ட வலிக்குப் பயன்.

இன்னொரு பக்கம் நம்ம ஊரோடு தொடர்புள்ளது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன், 1990-களில் அமெரிக்காவில் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து, கையை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் இருந்த வலியைக் குறைத்துக் காட்டினார். நல்ல கையின் பிம்பத்தை இழந்த கையின் இடத்தில் பார்க்கும்போது சிலருக்கு அந்த வலி தணிந்தது. விஆரில் இன்று செய்து பார்க்கும் பலவற்றுக்கும் இது முன்னோடி.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது, முழங்கால் தேய்மானம். அவருக்குக் கொடுக்கலாமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: டாக்டரிடம் கேட்டுவிட்டு, பக்கத்தில் ஆள் இருக்கும்போது கொடுக்கலாம். உட்கார்ந்துதான் போட வேண்டும், அதுவும் சக்கரம் இல்லாத நாற்காலியில். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் முழங்கால் வலி ஒன்றுமே இல்லை என்றாகிவிடும். வலிப்பு வந்திருந்தால் கூடவே கூடாது. தலைசுற்றல் இருந்தாலும், கழுத்துப் பிரச்சினை இருந்தாலும் யோசிக்க வேண்டும், ஹெட்செட்டே சுமார் அரைக் கிலோ. முதல் பதிலில் சொன்ன 179 பேர் ஆய்விலேயே சுமார் 10-ல் ஒருவருக்குக் குமட்டல் அல்லது தலைசுற்றல் வந்தது. குமட்டினால் உடனே கழற்றிவிடுங்கள்.

கேள்வி: விஆர் ஆரம்பித்தால் வலி மாத்திரையை நிறுத்திவிடலாமா?
- வாசகி, வேலூர்

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள், சில மாத்திரைகளைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அப்புறம் ஒன்று. முதுகு வலியோடு சிறுநீர் போவதில் சிரமம், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், காலில் பலம் குறைவது இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலோ, காரணமில்லாத எடை குறைவோ சேர்ந்து வந்தாலும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: ஹெட்செட் வாங்க எங்களுக்கு வசதி இல்லை. வேறு வழி?
- வாசகி, தருமபுரி

பதில்: நிறைய இருக்கிறது. ஹெட்செட் கற்றுக்கொடுப்பதில் முக்கியமானவை, மூச்சை நிதானமாக விடுவதும் பயமில்லாமல் அசைவதும். இரண்டுக்கும் காசு வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கும்படி சில நிமிடம் மூச்சு விடுங்கள். பிறகு நடை. வலி வரும் வரை நடந்துவிட்டு மறுநாள் முழுக்கப் படுப்பதுதான் பல பேர் செய்வது, அது வேண்டாம். சுலபமாக முடிகிற நேரம் 5 நிமிடம் என்றால் வலி இருக்கிற நாளிலும் இல்லாத நாளிலும் அதே 5 நிமிடம் நடங்கள், அடுத்த வாரம் ஒரு நிமிடம் கூட்டுங்கள். அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது, உங்கள் இடுப்புக்கு எந்தப் பயிற்சி ஏற்றது என்று ஒருமுறை அங்கே கேட்டு வந்துவிட்டு ஆரம்பியுங்கள்.